உதிரப்பட்டி முதல் ஓய்வூதியம் வரை

போர்களைப் பற்றி நாம் நிறையப் படித்திருக்கிறோம். எந்த ஆண்டில் நடந்தது, யார் வென்றார், யார் தோற்றார், எந்த உடன்படிக்கையோடு முடிந்தது என்பவையெல்லாம் பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடுகின்றன. ஆனால், உடன்படிக்கை கையெழுத்தான மறுநாள், ஒரு காலை இழந்த வீரன் எங்கே போனான்? அவனுக்கு யார் சோறு போட்டார்கள்? இதைப் பாடநூல்கள் சொல்வதில்லை. நாமும் கேட்பதில்லை.

ஏர் உழும்போது ஒருவர் கை ஒடிந்தால் அது அவர் குடும்பத்தின் துன்பம். படைவீரனின் கை அப்படியன்று. அவன் பிறர் ஆணைப்படி, பிறருக்காக அதை இழந்தான். ஆகவே அது ஒரு கடன். கடன் என்றால் மூன்று கேள்விகள் எழும். அதைத் தீர்க்க வேண்டியவர் யார்? கடன் உண்டு என்பதை மெய்ப்பிக்க வேண்டியவர் யார்? தீர்க்கும் பணம் கருணையா, உரிமையா? இந்த மூன்று கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு, வாசகர்களே, சில நூற்றாண்டுகளைச் சுற்றிவருவோம்.

மாட்டு மந்தையும் நடுகல்லும்

சென்னையில் மயிலாப்பூரை அடுத்திருக்கும் மந்தைவெளியை எடுத்துக்கொள்வோம். இன்று அங்கே கட்டடமும் கடையும்தான் கண்ணில் படுகின்றன. ஆனால் பெயர் பழைய செய்தியைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. மந்தை என்றால் ஆடுமாடுகளின் கூட்டம். மந்தை மேயும் வெளி மந்தைவெளி. பழந்தமிழகத்தில் இத்தகைய வெளிகள்தாம் ஊரின் செல்வம். ஊரின் போரும் பெரும்பாலும் இங்கேதான் தொடங்கியது. பகைவர் ஆநிரையைக் கவர வருவர். ஊர் இளைஞர் மீட்கப் போவர். கவர்வதை வெட்சி என்றும், மீட்பதைக் கரந்தை என்றும் இலக்கணம் வகுத்தார்கள்.

மீட்கப் போனவர்களில் சிலர் திரும்பவில்லை. அவர்களுக்குக் கல் நட்டார்கள். கல்லைத் தேர்ந்தெடுக்கும் காட்சி முதல் வாழ்த்தல் வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் எண்ணுகிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுக்கப்பட்ட நடுகற்கள் தமிழ்-பிராமி எழுத்தில் அமைந்தவை. ஆநிரைப் பூசலில் மடிந்த ஒருவனை அவற்றுள் ஒன்று குறிக்கிறது. செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் ஏராளமாகக் கிடைத்தன. தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத்துறை, இரா. நாகசாமி அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 'செங்கம் நடுகற்கள்' என்ற நூலை 1972-இல் வெளியிட்டது.

கல் நட்டதோடு கடன் தீர்ந்துவிடவில்லை. இறந்தவனின் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே! அதற்காக விடப்பட்ட நிலத்துக்கு 'உதிரப்பட்டி' என்று பெயர். உதிரம் என்றால் குருதி. 'நெய்த்தோர்ப்பட்டி' என்றும் சொல்வர். நெய்த்தோர் என்பது குருதியைக் குறிக்கும் பழஞ்சொல். பிற்காலத்தில் 'இரத்தக் காணிக்கை' என்ற வழக்கும் உண்டு. மூன்று சொற்களும் ஒரே கணக்கைச் சொல்கின்றன: சிந்திய குருதிக்கு ஈடு, விளையும் நிலம்.

இந்த ஏற்பாட்டின் நுட்பத்தைக் கவனியுங்கள். கொடுத்தது பொற்காசு அன்று, பொற்காசு செலவாகிவிடும். நிலமோ ஆண்டுதோறும் விளையும். மகனுக்கும் பேரனுக்கும் போகும். மெய்ப்பிப்பதும் எளிது. இறந்தவன் யார் மகன், எந்தப் பூசலில் விழுந்தான் என்பது ஊருக்கே தெரியும். தெரியாத தலைமுறைக்குக் கல் சொல்லும்.

உயிரோடு திரும்பியவன்

உதிரப்பட்டி என்ற சொல்லின் பொருளே இறந்தவனின் சுற்றத்தாரை நோக்கியது. புண்பட்டு, உயிரோடு திரும்பியவன் நிலை என்ன? அவனைப் பற்றி நம் இலக்கியம் பேசாமலில்லை. புண்ணை நீண்ட வெள்ளூசியால் தைத்த செய்தி பதிற்றுப்பத்தில் வருகிறது. புண்பட்டவன் கிடக்கும் வீட்டில் வேப்பிலை செருகி, வெண்சிறுகடுகு தூவி, புகையிட்டு, இசை பாடிக் காத்த காட்சியைப் புறநானூற்றில் அரிசில்கிழார் பாடுகிறார். பேய் தீண்டாதபடி மனைவி இரவெல்லாம் காவல் இருப்பதைத் 'தொடாக்காஞ்சி' என்று ஒரு துறையாகவே வகுத்தனர். சிலப்பதிகாரத்தில் வடநாட்டுப் போரிலிருந்து மீளும் செங்குட்டுவன், மார்பில் புண்ணேந்தி வந்தவரையும் அழைத்துப் பொன்னால் செய்த வாகைப் பூ வழங்குகிறான். காப்பியக் காட்சி வரலாற்றுச் சான்று ஆகாது. எனினும் அக்காலத்தார் எதைத் தக்க செயல் என்று கருதினர் என்பது இதிலிருந்து விளங்குகிறது.

ஆனால் பொற்பூவை எத்தனை நாள் உண்ண முடியும்? இன்னொரு பக்கமும் உண்டு. முதுகில் புண்பட்ட சேர மன்னன் பெருஞ்சேரலாதன் நாணி, வடக்கிருந்து உயிர்விட்டான். தன் புண்ணைத் தானே கிழித்துக்கொண்டு மாளும் வீரனையும் காஞ்சித் திணையில் காண்கிறோம். புண்ணோடு நெடுநாள் வாழ்வதைவிடச் சாவது மேல் என்ற எண்ணம் இதில் தொனிக்கிறது. இறந்தவனுக்குக் கல்லும் நிலமும் உண்டு. வாழ்ந்தவனுக்கு மனைவியின் கை மட்டுமே உண்டு. இந்த மனைவியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டுரையின் முடிவில் அவளிடம் வருவோம்.

துப்பாக்கி மாற்றிய கணக்கு

வாளும் வேலும் ஆண்ட காலம் போய்த் துப்பாக்கி வந்தபோது கணக்கு மாறியது. வாள் சதையைக் கிழிக்கும். ஈயக்குண்டு எலும்பை நொறுக்கும். நொறுங்கிய எலும்பில் அழுகல் ஏறினால் கையையோ காலையோ வெட்டி எடுப்பது தவிர வேறு வழியில்லை. 16-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் படை அறுவையாளர் ஆம்புருவாசு பாரே, புண்ணில் கொதிக்கும் எண்ணெயை ஊற்றும் கொடிய வழக்கத்தைக் கைவிட்டார். உறுப்பை வெட்டியபின் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுவதற்குப் பதிலாகக் குருதிக் குழாய்களை நூலால் கட்டினார். கைகால் இழந்தோருக்குப் பொறியமைந்த செயற்கை உறுப்புகளையும் வரைந்து காட்டினார். மருத்துவம் இப்படி முன்னேறியதன் விளைவு என்ன? முன்பு இறந்திருக்கக்கூடியவர்களில் சிலர் பிழைத்தார்கள். பிழைத்தவர்கள் பல்லாண்டு உண்ண வேண்டியிருந்தது.

இந்தச் சிக்கலுக்குச் சட்டத்தால் விடை தேடிய முன்னோடி நாடு இங்கிலாந்து. சென்னையில் கோட்டை கட்டி ஆண்ட கும்பினி அந்த நாட்டில் தோன்றியது. எனவே அங்கே சற்றுச் சென்று பார்ப்பது நம் ஊர்க் கதையை விளக்கும்.

முன்பு இங்கிலாந்தில் முடமானவர்களில் சிலருக்குக் கிறித்தவ மடங்கள் இடம் கொடுத்தன. எட்டாம் ஹென்றி 1530-களில் மடங்களைக் கலைத்தான். பின்னர் அரசி எலிசபெத் காலத்தில் ஸ்பெயினோடு நெடும்போர் மூண்டது. 1588-இல் ஸ்பானியக் கப்பற்படையை வென்ற புகழை நாம் படித்திருக்கிறோம். அடுத்த ஆண்டு போர்ச்சுகல் படையெடுப்பிலிருந்து நோயும் பசியுமாகத் திரும்பிய வீரர்கள் லண்டன் சாலைகளில் திரிந்து அரசாங்கத்தை அச்சுறுத்திய கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இரக்கமும் அச்சமும் சேர்ந்தே 1593-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பிறப்பித்தன.

வாரம் ஒரு பென்னி

அச்சட்டம் வேலை செய்த விதம் இது. அந்நாட்டில் ஒரு தேவாலயத்தைச் சார்ந்த ஊர்ப்பகுதியைப் பாரிஷ் என்பர். நம் நாட்டுக் கத்தோலிக்கர் இதையே 'பங்கு' என்கிறார்கள். ஒவ்வொரு பாரிஷும் வாரந்தோறும் குறைந்தது 1 பென்னி, கூடியது 6 பென்சு வரி தர வேண்டும். 1601-இல் இது 2 முதல் 10 பென்சு வரை என்று உயர்த்தப்பட்டது. தேவாலயக் காரியஸ்தரும் ஊர்க் காவலரும் வரியைத் திரட்டுவர். அது கவுண்டி என்னும் மாவட்டத்தின் பொருளாளரிடம் சேரும். யாருக்கு எவ்வளவு என்பதை நீதிபதிகள் தங்கள் காலாண்டுக் கூட்டத்தில் முடிவு செய்வர். சாதாரண வீரனுக்கு ஆண்டுக்கு 10 பவுனுக்கு மேல் தரலாகாது. அதிகாரிகளுக்கு உச்சவரம்பு கூடுதல். நடைமுறையில் பலருக்கு இந்த வரம்பைவிட மிகக் குறைவாகவே கிடைத்தது.

நம் முதற் கேள்விக்கு இங்கே புதிய விடை கிடைக்கிறது. தீர்க்க வேண்டியவர், வீரனை அனுப்பிய ஊரார். எந்தக் கவுண்டியிலிருந்து படைக்குப் பிடித்துக்கொண்டு போனார்களோ அந்தக் கவுண்டியே அவனைக் காக்க வேண்டும் என்றது சட்டம். உதிரப்பட்டியின் தத்துவமும் இதுதான். வேற்றுமை ஒன்றே: அங்கே ஊரார் விரும்பித் தந்தனர், இங்கே சட்டம் கட்டாயப்படுத்தியது.

இரண்டாம் கேள்வியில்தான் வீரன் திண்டாடினான். அவன் புண்பட்டது கடல் கடந்த நாட்டில். ஊராருக்கு என்ன தெரியும்? ஆகவே படைத்தலைவரின் சான்றிதழ் வேண்டும். கப்பல் வந்து சேர்ந்த துறைமுகத்தில் அதைக் காட்டினால், அங்குள்ள பொருளாளர் வழிச்செலவுக்குச் சிறு தொகை கொடுத்து அடுத்த கவுண்டிக்கு அனுப்புவார். அடுத்தவர் அதற்கடுத்த கவுண்டிக்கு. ஒற்றைக் காலோடு, கையில் ஒரு தாளோடு, கவுண்டி கவுண்டியாக ஊருக்கு நடந்தவர்களை எண்ணிப் பாருங்கள். தலைவர் இறந்துபோயிருந்தால்? தாள் நனைந்து அழிந்திருந்தால்? போதாக்குறைக்குப் போலிச் சான்றிதழ்களும் புறப்பட்டன. 1598-இல் படைவீரர் என்று பொய் சொல்லித் திரிவோரைக் கடுமையாகத் தண்டிக்கத் தனிச் சட்டமே வந்தது. மெய்யாகவே புண்பட்டவனும் அன்று முதல் ஐயத்துக்கு உரியவன் ஆனான். உதவித்தொகை பெற்றவன் பிச்சை எடுத்துப் பிடிபட்டால் தொகையை இழப்பான் என்பதும் விதி.

1642-இல் மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. பாராளுமன்றம் தன் பக்கம் புண்பட்டவருக்கு உதவ ஆணை பிறப்பித்தது. விதவைகளையும் அநாதைக் குழந்தைகளையும் அதில் சேர்த்தது. அரசுக்கு விண்ணப்பம் எழுதும் உரிமை ஏழைப் பெண்களுக்கு இப்படிக் கிடைத்தது. 1660-இல் மன்னராட்சி மீண்டதும் எல்லாம் தலைகீழானது. 1662-இல் மன்னருக்காகப் போரிட்டோருக்கு உதவித்தொகை தரும் சட்டம் வந்தது. பாராளுமன்ற வீரர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். கால் ஒன்றுதான், இழந்ததும் ஒன்றுதான். எந்தக் கொடியின் கீழ் இழந்தான் என்பதே அவன் சோற்றைத் தீர்மானித்தது. இந்தக் கவுண்டி முறை 1679-இல் முடிவுக்கு வந்தது. 1682-இல் அடிக்கல் நாட்டப்பட்ட செல்சி மருத்துவமனையின் மூலம் மைய அரசே பொறுப்பை ஏற்கத் தொடங்கியது.

அடையாற்றங்கரையில் ஒரு திருப்பம்

இனிச் சென்னைக்குத் திரும்புவோம். 1593 சட்டத்தைத் தந்த அதே எலிசபெத் அரசிதான் 1600-ஆம் ஆண்டின் கடைசி நாளில் கிழக்கிந்தியக் கும்பினிக்குப் பட்டயம் அளித்தார். கும்பினி 1639-இல் சென்னையில் இடம் பெற்றுக் கோட்டை கட்டியது. நோயுற்ற படைவீரர்களுக்காக 1664-இல் கோட்டைக்குள் ஒரு சிறு மருத்துவமனை தொடங்கியது. இன்று சென்டிரல் இரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கும் அரசு பொது மருத்துவமனையின் பிறப்பு அதுவே. கோடிக்கணக்கான ஏழைகளுக்கு மருந்து கொடுத்த அந்த நிலையம், நோயுற்ற சில வீரர்களின் படுக்கையிலிருந்து வளர்ந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். அவர்களை விரட்ட ஆர்க்காட்டு நவாபு அன்வருதீன் தம் மகன் மாபூஸ்கானைப் பெரும்படையோடு அனுப்பினார். மந்தைவெளியிலிருந்து தெற்கே நடந்து செல்லும் தொலைவில் உள்ள அடையாற்றுக் கழிமுகத்தில், இன்று குயிபிள் தீவு எனப்படும் பகுதியில், அந்த ஆண்டின் இறுதியில் போர் நடந்தது. பாரடிஸ் என்ற பிரெஞ்சுத் தளபதியிடம் ஏறத்தாழ ஆயிரம் பேரே இருந்தனர். அவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்ற நம் நாட்டுச் சிப்பாய்கள். எதிரே பத்தாயிரம் பேர் என்பர். ஒழுங்காகச் சுட்ட சிறுபடை வென்றது. நவாபின் படை சாந்தோம் வழியாகச் சிதறி ஓடியது.

இதிலிருந்து கும்பினி ஒரு பாடம் கற்றது. நம் நாட்டவருக்குச் சம்பளம் கொடுத்துப் பயிற்சி அளித்தால் நம் நாட்டையே வெல்லலாம்! 1748-இல் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் என்ற தளபதி வந்தார். அடுத்த பத்தாண்டுகளில் சென்னைச் சிப்பாய்ப் படைகள் ஒழுங்காக அமைக்கப்பட்டன. தமிழ் வீரன் இப்போது தன் ஊர் மந்தைக்காகப் போரிடவில்லை. மாதச் சம்பளத்துக்காக, ஊரார் அறியாத களங்களில் போரிட்டான். அவன் கை போனால் ஊருக்கு அதில் என்ன கடன்? கடன் கும்பினியுடையது. கும்பினி எப்படித் தீர்த்தது?

கிளைவ் நிதியின் கதை

1746-இல் சென்னைக் கோட்டையில் எழுத்தராக இருந்து, பிரெஞ்சுக்காரரிடமிருந்து தப்பிக் கடலூருக்குப் போன இளைஞர்தான் இராபர்ட் கிளைவ். பிற்காலத்தில் வங்காளத்தை வென்றார். வங்காள நவாபு மீர் ஜாபர் 1765-இல் இறந்தபோது கிளைவுக்கு 5 இலட்சம் ரூபாய் எழுதிவைத்தார். கிளைவ் அதைத் தாம் வைத்துக்கொள்ளாமல், ஊனமுற்ற படைவீரருக்கும் விதவைகளுக்கும் உதவும் நிதியாகக் கும்பினியிடம் ஒப்படைத்தார். 1770-இல் ஒப்பந்தம் எழுதப்பட்டது. இதுவே கிளைவ் பிரபு நிதி.

நல்ல செயல்தான். ஆனால் இரண்டு செய்திகளை நோக்க வேண்டும். முதலாவது, பணம் ஒரு இந்திய நவாபுடையது. பயன் கும்பினியின் ஐரோப்பிய வீரர்களுக்கு. இரண்டாவது, கும்பினி தன் படையை வைத்திராத நிலை வந்தால் பணம் கிளைவின் வாரிசுகளுக்குத் திரும்பும் என்று ஒப்பந்தம் கூறியது. 1858-இல் கும்பினி ஆட்சி ஒழிந்தது. வாரிசுகள் தரப்பில் வழக்குத் தொடரப்பட்டது. 1863-இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கருணையின் இயல்பு இது. கொடுத்த கை திரும்பவும் எடுத்துக்கொள்ளலாம்.

சிப்பாய்க்கு வேறு ஏற்பாடுகள் இருந்தன. வங்காளப் படையில் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஊனமுற்ற சிப்பாய்களைப் பீகாரில் காடு வெட்டித் திருத்தும் நிலங்களில் குடியேற்றினர். 'இன்வலிட் தானா' என்று அதற்குப் பெயர். உதிரப்பட்டி போல இதுவும் நிலம்தான். ஆனால் கும்பினிக்கு அதில் ஆதாயமும் உண்டு. தரிசு விளைநிலம் ஆகும். எல்லைப்புறத்தில் நம்பிக்கையான குடிகளும் கிடைப்பர். சென்னைப் படையிலோ, இறந்த சிப்பாயின் மகனைச் சிறு சம்பளத்தில் பட்டாளத்தின் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. 'பென்ஷன் பையன்' என்று அவனை அழைத்தனர். வயது வந்ததும் அவனும் சிப்பாய் ஆவான். தந்தையின் உயிருக்கு ஈடாக மகனுக்கும் துப்பாக்கி!

ஐரோப்பிய வீரர்களுக்கும் நம் நாட்டுப் பெண்களுக்கும் பிறந்து அநாதையான சிறுவர்களுக்காக 1789-இல் எழும்பூரில் ஓர் ஆண்கள் இல்லம் தொடங்கியது. அதன் பொறுப்பாளர் ஆண்ட்ரூ பெல். போதிய ஆசிரியர் இல்லாத நிலையில், நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைக் கையாண்டார். மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை முறையையும் வளர்த்தார். 1797-இல் இதைப் பற்றி அவர் எழுதிய நூல் லண்டனில் வெளிவந்தது. 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் பரவியது. படைவீரரின் அநாதைகளுக்குச் செய்த ஒரு சிக்கன ஏற்பாடு உலகக் கல்வி வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது.

மூக்கிழந்த வண்டிக்காரர்

இத்தகைய இன்னொரு விந்தையையும் அறிவியல் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். மைசூர்ப் போரில் ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்ற மராட்டியர் திப்புவின் படையிடம் சிக்கினார். அவருடைய மூக்கும் ஒரு கையும் வெட்டப்பட்டன. கும்பினி அவருக்குப் பென்ஷன் கொடுத்தது. ஓராண்டுக்குமேல் மூக்கின்றி இருந்த அவருக்குப் புனாவுக்கு அருகே செங்கல் அறுக்கும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் புதிய மூக்கை அமைத்தார்.

முறை எளிது, நுட்பமோ பெரிது. மெழுகுத் தகட்டால் மூக்கின் வடிவைச் செய்து, அதை விரித்து நெற்றியில் வைத்துக் கோடு வரைவர். அக்கோட்டின்படி நெற்றித் தோலை உரிப்பர்; ஆனால் இரு புருவங்களுக்கும் இடையே ஒரு சிறு இணைப்பை அறுக்காமல் விடுவர். அந்தத் தோலைத் திருப்பி மூக்கின் இடத்தில் பொருத்துவர். இணைப்பின் வழியே குருதி ஓடிக்கொண்டிருப்பதால் தோல் சாவதில்லை. காசுக்கட்டியைக் குழைத்துத் துணியில் தடவிக் கட்டுவர், பிறகு நெய்த்துணி. ஏறத்தாழ 25 நாட்களில் தோல் புது இடத்தில் ஒட்டிக்கொண்டதும் இணைப்பை அறுத்துவிடுவர்.

1794-ஆம் ஆண்டு அக்டோபரில் லண்டனின் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இச்செய்தியைப் படத்தோடு வெளியிட்டது. அதைப் படித்த அறுவை மருத்துவர் ஜோசப் கார்ப்யூ, 1814-இல் லண்டனில் இதே முறையைச் செய்து வெற்றி கண்டார். அவர் மூக்கமைத்துக் கொடுத்தவர்களில் ஒருவர் ஸ்பெயினில் அல்புவேராப் போரில் வாள்வெட்டுப் பட்ட அதிகாரி. இன்றைய ஒட்டு அறுவை மருத்துவத்தின் வளர்ச்சியில் இது ஒரு திருப்புமுனை. பெயர் பதிவாகாத அந்தச் செங்கல் தொழிலாளிக்கு உலகம் பட்ட கடன் சிறிதன்று.

கருணையா, உரிமையா?

கும்பினிக்குப் பின் வந்த பிரிட்டிஷ் அரசு 1871-இல் பென்ஷன் சட்டம் இயற்றியது. கடன்காரர்கள் பென்ஷனை ஜப்தி செய்யக்கூடாது என்ற நல்ல விதி அதில் உண்டு. ஆனால் பென்ஷன் தொடர்பான வழக்கைச் சிவில் நீதிமன்றம் பொதுவாக ஏற்கலாகாது என்ற விதியும் உண்டு. அதாவது பென்ஷன் அரசின் தயவு. தயவைக் கேட்டு வழக்காட முடியாது.

முதல் உலகப்போர் இந்தியச் சிப்பாய்களைப் பல்லாயிரக் கணக்கில் அயல்நாடுகளுக்கு அழைத்துச் சென்றது. ஊனமுற்றுத் திரும்பியோருக்கு வெறும் பணம் போதாது, தொழிலும் வேண்டும் என்ற எண்ணம் அப்போது வலுப்பெற்றது. 1917-இல் பம்பாயில் தொடங்கி, பின்னர் புனாவை அடுத்த கிர்க்கிக்கு மாறிய குயின் மேரி தொழிற்பயிற்சி நிலையம் அதன் விளைவு. இரண்டாம் உலகப்போரின் நடுவில், 1944-இல், புனாவில் செயற்கை உறுப்பு மையம் ஏற்பட்டது. தண்டுவடம் அடிபட்டவர்களுக்காகக் கிர்க்கியில் 1974-இல் ஒரு மறுவாழ்வு மையமும் எழுந்தது. நாடு விடுதலை பெற்றபின், 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7-ஆம் நாள் கொடிநாளாகக் கொண்டாடப்படுகிறது. பள்ளியில் உண்டியலில் காசு போட்டுச் சட்டையில் சிறு கொடி குத்திக்கொண்டது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். வாரம் 1 பென்னி கொடுத்த பாரிஷ்காரரின் பேரப்பிள்ளை அந்த உண்டியல் எனலாம். கட்டாயம் மட்டும் இல்லை.

தோற்ற கொடியின் கீழ் நின்றவர் கதை நம் நாட்டிலும் உண்டு. நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் மலேயாத் தோட்டங்களில் உழைத்த தமிழர் ஏராளமாகச் சேர்ந்தனர். பிரிட்டிஷ் கணக்கில் அவர்கள் பகைவர். நாடு விடுதலை பெற்றபின்னும் அவ்வீரர்கள் படையில் திரும்பச் சேர்க்கப்படவில்லை. விடுதலையின் வெள்ளிவிழாவான 1972-இல் தொடங்கிய தியாகிகள் ஓய்வூதியத் திட்டத்தில்தான் அவர்களுக்கு இடம் கிடைத்தது. அதற்கும் சான்று வேண்டியிருந்தது: சிறைச் சான்று, அல்லது உடன் இருந்தவரின் சான்று. எலிசபெத் காலத்து வீரன் கையில் வைத்திருந்த தாள் இங்கும் தொடர்ந்தது.

மூன்றாம் கேள்விக்குத் தெளிவான விடை 1982 டிசம்பரில் வந்தது. நகாரா என்பவரின் வழக்கில் உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, ஓய்வூதியம் என்பது வேலை கொடுத்தவர் மனமிரங்கித் தரும் கொடையன்று, செய்த பணிக்கு உரிய உரிமை என்று தீர்ப்புக் கூறியது. 1871-இல் தயவாக இருந்தது, 111 ஆண்டுகளுக்குப் பின் உரிமையாயிற்று.

இரண்டாம் கேள்வியோ இன்னும் தொல்லை தந்துகொண்டிருக்கிறது. ஊனம் படைப்பணியால் வந்ததா, அதனால் கூடியதா, எத்தனை விழுக்காடு என்று மருத்துவக் குழு முடிவு செய்ய வேண்டும். குண்டடி பட்டவனுக்கு இது எளிது. பனிமலையில் நெஞ்சு நோய் வந்தவனுக்கும், வலிப்பு வந்தவனுக்கும் இது கடினம். 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் ஒரு முக்கியமான நெறியை வலியுறுத்தியது. சேரும்போது நோயில்லாதவன் என்று எழுதித்தான் ஒருவனைப் படையில் சேர்க்கிறார்கள். ஆகவே பின்னர் வந்த ஊனம் பணியால் வந்ததன்று என்று சொல்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும். வீரன் தலையில் அந்தச் சுமையை ஏற்றலாகாது. 420 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் சாலைகளில் தாளோடு நடந்தவன் இதைக் கேட்டிருந்தால் எப்படி மகிழ்ந்திருப்பான்!

கடன் மறைவதில்லை

நாம் கண்டவற்றைத் தொகுத்துப் பார்ப்போம். கடனைத் தீர்ப்பவர் மாறிக்கொண்டே வந்திருக்கிறார்: ஊர், பாரிஷ், கும்பினி, அரசு. தீர்க்கும் பொருளும் நிலம், காசு, வேலை, செயற்கைக் கால் என்று மாறியது. ஊர் சிறிதாக இருந்தபோது சான்று தேவைப்படவில்லை. களம் தூரமாகத் தூரமாகச் சான்றே வீரனுக்கு இரண்டாவது போராயிற்று. கருணையாகக் கொடுத்தது ஆட்சி மாறும்போது அற்றுப்போனது. உரிமையாகக் கொடுத்ததைப் பறித்தால் நீதிமன்றத்தில் கேட்க முடிகிறது.

ஆனால் எல்லாக் காலத்திலும் மாறாத ஒன்று உண்டு. போர் உண்டாக்கிய கடன் எவரும் ஏற்காததால் மறைந்துவிடுவதில்லை. அரசு ஏற்காவிட்டால், சங்கம் ஏற்காவிட்டால், வேறொருவர் ஏற்கிறார். வேப்பிலை செருகிப் புகையிட்டுக் கண்விழித்த தொடாக்காஞ்சி மனைவி அவள்தான். இங்கிலாந்தின் நீதிபதிகளுக்கு விண்ணப்பம் எழுதக் காத்திருந்த விதவை அவள்தான். இன்று மருத்துவமனைப் படியில் கணவனின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு, கைப்பையில் கோப்புகளைச் சுமந்து நிற்பவளும் அவளே. அவளுக்குச் சம்பளமும் இல்லை, நடுகல்லும் இல்லை.

எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகும்போது நடுகற்களின் முன் சற்று நில்லுங்கள். கல்லில் செதுக்கப்பட்ட வீரனைப் பாருங்கள். அவனோடு அதே பூசலுக்குப் போய், கை ஒன்றை இழந்து வீடு திரும்பியவனையும், அவனுக்குச் சோறு ஊட்டியவளையும் சேர்த்து நினையுங்கள். அவர்களுக்கு நாம் நடும் கல், உரிய நாளில் தவறாமல் வந்து சேரும் ஓய்வூதியம்தான்.